யாரும் திறக்காத பதிவு

கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருங்கள் என்று சொல்வது எளிது. சும்மா உட்கார்ந்து பழக்கமே இல்லாத ஒருத்தியிடம் சொல்லும்போதுதான் அது தண்டனை ஆகிவிடுகிறது. "மூடிக்கோங்கக்கா, நான் சொல்றவரைக்கும் திறக்கக் கூடாது, போனெல்லாம் பாக்கவே கூடாது," என்று நர்ஸ் பெண் இரண்டு கண்ணிலும் மருந்தைச் சொட்டி, கையில் பஞ்சைத் திணித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். மருந்து முதலில் எரிந்தது, பிறகு குளிர்ந்தது, பிறகு எந்த வழியாகவோ இறங்கித் தொண்டையில் கசந்தது. கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படித் தெரிகிறது என்று மங்கையர்க்கரசி யோசித்தாள், யோசித்து முடிப்பதற்குள் கை தானாகப் பையிலிருந்த போனைத் தடவியது, நாற்பத்திரண்டு வயதில் திருடப்போன குழந்தை மாதிரி கையை வெளியே எடுத்துக்கொண்டாள். தில்லை நகரில் மாடியிலிருக்கும் இந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தது வலது கண்ணில் மிதக்கும் ஒரு கறுப்பு நூலுக்காக. போன வாரத்திலிருந்து அது போகிற இடமெல்லாம் வருகிறது. இட்லி மேல் மிதக்கிறது, கம்ப்யூட்டர் திரை மேல் மிதக்கிறது, முதலாளி சாதிக் சார் பேசினால் அவர் மூக்கின் மேல் மிதக்கிறது. விழித்திரையைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கிழிந்திருந்தால்? கிழிந்திருக்காது. கிழிந்திருந்தால் லேசர் வைப்பார்கள், வைக்கட்டும். பயப்படுவதற்கு இப்போது அதைவிட அவசரமான ஒன்று கைவசம் இருந்தது. மத்தியானத்துக்குள் அவள் ஆபீசிலிருக்கும் பெனடிக்டுக்கு ஒரு 'சரி' சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அப்பாவின் சாவு அழிந்துவிடும்.

அழிந்துவிடும் என்றால் சாவு அல்ல, அதன் வீடியோ. இரண்டையும் ஏன் இப்படிக் குழப்பிக்கொள்கிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவள் வேலை பார்க்கும் திருச்சிக் கம்பெனி 'கூடவே' என்றொரு செயலியை நடத்துகிறது. ஊரில் கல்யாணம், காதுகுத்து, சாவு எது நடந்தாலும் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட சொந்தபந்தம் அங்கிருந்தே நேரலையில் பார்க்கலாம், முடிந்தபின் பதிவும் பத்திரமாக இருக்கும். சாதிக் சார் கல்யாண வீடியோ எடுத்து முன்னுக்கு வந்த மனுஷர், 'பத்திரமா' என்பதை வாய் நிறையச் சொல்வார். எங்கே பத்திரமாக என்பது மங்கையின் தலைவலி. கிளவுட் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே தவிர அது ஒன்றும் வானத்தில் இல்லை, யாரோ ஒருவருடைய கட்டடத்தில் ஏசி போட்ட அறையில் இருக்கிறது, அங்கே இடத்துக்கு வாடகை. சமையல் மேடை மாதிரி கையை நீட்டியதும் எடுக்கிற இடம் வேண்டுமென்றால் வாடகை அதிகம். பரண் மாதிரி இடமும் உண்டு, வாடகை சொற்பம், ஆனால் ஒரு பதிவைக் கேட்டால் ஏணி போட்டு இறக்கித் தர அரைநாள் ஆகும். இன்னொரு வழி, பரணிலேயே போட்டுவிட்டு, ஒரு வருடமாக யாரும் திறக்காத பதிவு தானாகவே அழிந்துபோகும்படி விதி எழுதிவிடுவது. மூன்றாவதே சரி என்று கோடு கோடாகப் படம் வரைந்து, சாதிக் சாரே தலையாட்டும்படி எடுத்துச் சொன்னவள் மங்கையர்க்கரசிதான். யாரும் திரும்பிப் பார்க்காததற்கு எதற்கு வாடகை? அவளுடைய இந்தக் கேள்வியோடு கூட்டம் முடிந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

உண்மையில் யாரும் திறப்பதில்லை, அதுதான் ஆச்சரியம். முதல் வாரம் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள், அதன்பின் கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளையே எட்டிப்பார்ப்பதில்லை. துறையூர்க் கல்யாணம் ஒன்றை மட்டும் மாதக் கணக்கில் யாரோ திறந்து திறந்து பார்த்தார்கள், அதுவும் பந்தி போட்ட பகுதியை மட்டும். முதல் பந்தியில் சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்தார்களா இல்லையா என்ற பஞ்சாயத்து என்று பிறகு தெரிந்தது. ஆபீசே சிரித்தது. இன்று காலை ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது பெனடிக்ட் கூப்பிட்டான். அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவன், அடக்கமாகப் பேசுவான், ஆனால் எதையும் விடமாட்டான். "அக்கா, முதல் சுத்துல அழியப்போறதை ஓட்டிப் பார்த்தேன். உங்க அப்பாவோடதும் வருது. நேரலை முடிஞ்சதுக்கப்புறம் ஒரு தடவைகூடத் திறக்கல. தெரிஞ்சுதான் விடறீங்களா?" என்றான். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் பெனடிக்ட், என்று அவள் சொல்லிவிட்டாள். சட்டென்று, கண்டக்டர் விசில் அடிக்கிற மாதிரி. எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? அவள் வீட்டுக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா என்று யாரும் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் சாதிக் சாரே முதல் ஆளாக அதை எடுத்து வைம்மா என்பார். ஒரு சொடுக்கில் தனியே எடுத்து வைக்கலாம். எடுத்து வைத்தால் அது இருக்கும். இருந்தால் என்றைக்காவது பார்க்க வேண்டும். விதி அழித்துவிட்டால் யாரும் அழித்ததாக ஆகாது, அவளும் அழித்ததாக ஆகாது. அட, இதற்காகத்தானா இத்தனை கோடும் படமும்? மூடிய கண்ணுக்குள் கறுப்பு நூல் தெரியவில்லை. சிவப்பாக ஒரு திட்டு மட்டும் வந்து வந்து போனது.

அந்தச் சிவப்பு வேண்டாம். அன்றைக்கும் சிவப்புதான். உறையூர் வீட்டுக் கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள், கம்பெனிக் கேமராக்காரர்கள் இருவரும் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள், அண்ணன் குமரகுரு மெல்போர்னில் விசா கைக்கு வராமல் மாட்டிக்கொண்டிருந்தான். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், அம்மாதான் அவரைக் குளிரில் போடாதீங்க என்றாள். ஆகவே மங்கையே போனை ஸ்டாண்டில் மாட்டி நேரலையைத் தொடங்கினாள். அண்ணா தெரியுதா, அண்ணா கேக்குதா, இந்தப் பக்கம் திருப்பவா. சிக்னல் எத்தனை கோடு, சார்ஜ் எவ்வளவு, வெளிச்சம் அப்பா முகத்தில் விழுகிறதா, இதிலேயே காலை போனது. நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டி முடித்தபோது திரையின் கீழ் மூலையிலிருந்து ஒரு சிவப்பு இதயம் குமிழ் மாதிரிக் கிளம்பி அப்பாவின் மார்பு மேல் ஏறி நெற்றியைத் தாண்டி மறைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு கொத்து. கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பொத்தான்கள், இதயமும் பூமழையும் கைத்தட்டலும், சாவுக்கு அவற்றை அடைக்க வேண்டும் என்பது அவள் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை, சிங்கப்பூரில் எந்த வீட்டுக் குழந்தை அழுத்துகிறதோ தெரியவில்லை. அவள் மூலையில் முழந்தாளிட்டு லேப்டாப்பைத் திறந்து, அந்த அமைப்பைத் தேடி, கடவுச்சொல் தப்பாகி, திரும்ப அடித்து, அடைத்தாள். தலையை நிமிர்த்தியபோது கூடத்தில் அப்பா இல்லை. தூக்கியாயிற்று. சங்குச் சத்தம் வாசலைத் தாண்டிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு ஓடினாள், தெருமுனை வரை ஓடினாள், அங்கே பெரியப்பா கையை நீட்டி மறித்தார், பொம்பளைங்க இதோட நில்லுங்கம்மா என்றார். நேரலை அறுந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் அவள் பக்கத்து வீட்டு மணிவண்ணன் கையில் போனைக் கொடுத்துவிட்டு நின்றாள். போன் ஓயாமரிச் சுடுகாட்டுக்குப் போனது, அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அவள் அழவில்லை என்பதை அத்தை கவனித்துச் சொன்னாள். அழுவதற்கு ஆள் அங்கே இருந்தால்தானே, மங்கை அன்று முழுக்க ஒரு கேமரா ஸ்டாண்டாகத்தான் இருந்தாள். நான் பார்க்கவில்லை, அண்ணன் பார்த்தான். கடைசிவரை பார்த்தான். இந்த ஒன்றைத்தான் அவள் ஒரு வருடத்துக்கு மேலாகக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

"அண்ணாந்து பாருங்கக்கா." இரண்டாம் சொட்டு. விளக்கு ஒரு வெள்ளைப் பூசணிக்காயாக வீங்கித் தெரிந்து மறைந்தது. "இன்னும் பாப்பா விரியல. மூடிக்கோங்க." பாப்பா என்று அவள் கண்மணியைச் சொன்னது வேடிக்கையாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு பெண்மணி, குரலை வைத்துப் பார்த்தால் தன் வயதுதான், "உங்களுக்கும் கசக்குதாங்க?" என்றாள். "ஆமாங்க, வேப்பெண்ணெய் மாதிரி." "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்," என்று அந்தக் குரல் நிம்மதியானது. கசப்பு பொதுவானது என்று தெரிந்ததில் மங்கைக்கும் கொஞ்சம் ஆறுதல்.

அப்பாவின் திதி அன்றும் இப்படித்தான் வாய் கசந்துகிடந்தது. முதல் வருடத் திதிக்கு அவள் மாதக் கணக்கில் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள், செத்த தேதிக்கு. அம்மாவிடம் சொன்னபோது அம்மா சிரித்தாள், அப்பா போனபின் அம்மா வாய்விட்டுச் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். "அன்னைக்குத் தசமியே இல்லையேடி. ஐப்பசி வளர்பிறை தசமி இந்த வருஷம் ஏறக்குறைய மூணு வாரம் தள்ளியில்ல வருது. என்ன படிச்சியோ போ," என்றாள். லீவை மாற்றி எழுதி, சாதிக் சாரிடம் காரணம் சொல்லி, அவர் எங்க வீட்லயும் பிறை பாத்துத்தானேம்மா எல்லாம் என்று சொல்லி. மூன்று வாரம் தள்ளி. மங்கையர்க்கரசிக்கு முதுகு நிமிர்ந்தது. தள்ளி வந்தால் ஒரு வருடம் தாண்டிவிடுகிறது. அவள் விதி எத்தனை நாள் பொறுக்கும்? ஒரு வருடம். இங்கிலீஷ் காலண்டர் வருடம், ஒரு நாள் கூடாது. லால்குடிச் சாவு ஒன்று மனதில் வந்தது, ஒரு வாத்தியாருடையது, ஒரு வருடமாக அனாதையாகக் கிடந்துவிட்டு, வருடம் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் ஒரே ஒரு தடவை திறந்திருந்தார்கள், மத்தியானம், படையல் முடிகிற நேரம். மணப்பாறையில் ஒன்று, முசிறியில் ஒன்று, எல்லாம் அதே நேரத்தில் ஒரு தடவை, தேதி மட்டும் முன்னே பின்னே. சிதறல் என்று பெயர் வைத்து அந்தப் புள்ளிகளைப் படத்திலிருந்து துடைத்தவளும் அவள்தான், கோடு அழகாக வரவேண்டுமே. இலை போட்டு, காக்காய்க்கு வைத்து, எல்லோரும் உட்கார்ந்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்துத் திறக்கிறார்கள். அங்கே ஒன்றுமில்லை. போன வாரமே அழித்துவிட்டோம், மன்னிக்கவும். தன் வீட்டில் அதே தப்பைச் செய்து சிரிப்பு வாங்கிக்கொண்டு, மறுபடி ஆபீசில் போய் ஊருக்கே அதைச் செய்ய இருந்தாளே! மூடிய இமைக்குள் முகம் சுட்டது. பரணும் உதவாது, படையல் நேரத்தில் அரைநாள் காத்திரு என்றால் சோறு காய்ந்துவிடும். கல்யாணத்தைப் பரணில் போடு, சாவைக் கைக்கெட்டும் இடத்தில் வை, ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை? எல்லாவற்றையும் எம்பி, ஜிபி என்று எடைபோட்டதால். எடையில் கல்யாணமும் சாவும் ஒன்றுதான், கல்யாணம் கொஞ்சம் கூடுதல்.

சரி, ஊர்ச் சிக்கல் தீர்ந்தது. தன் சிக்கல் தீரவில்லை. லால்குடிக்காரர்கள் ஒரு தடவையாவது திறந்தார்கள். அப்பாவின் பதிவைத் திதியன்றும் யாரும் திறக்கவில்லை. எந்த விதியை எப்படி இளக்கி எழுதினாலும் அது அழிய வேண்டிய பதிவுதான். அண்ணன் ஏன் திறக்கவில்லை? ஒரு தடவை பார்த்ததே போதும் என்றிருக்கும். கொள்ளி எரிவதைத் திரும்பத் திரும்பப் பார்க்க அவன் என்ன பந்திப் பஞ்சாயத்துக்காரனா? அவன் பார்த்ததுதான் பதிவு, இந்த வீடியோ அதற்கு ஒரு நகல், நகல் போனால் போகட்டும். இப்படிச் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்தது. ஆனால் அழிப்பதற்கு முன் மூத்தவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? "ஏங்க, ஒரு நம்பர் போட்டுத் தர முடியுமா?" என்று பக்கத்துக் குரலைக் கேட்டாள். "அய்யோ, எனக்கும் கண்ணுல மருந்துதாங்க," என்றது குரல். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நர்ஸ்தான் வந்து, "போன் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன்லக்கா," என்று முறைத்திருக்க வேண்டும். "பாக்கலம்மா, பேசத்தான். குமரகுரு அண்ணன்னு இருக்கும்." நர்ஸ் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள், அழைப்பு மணி தூரத்தில் அடித்தது. மெல்போர்னில் சாயங்காலம் ஆகியிருக்கும்.

"என்ன மங்கை, இந்த நேரத்துல? அம்மா நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்கண்ணா. நான் கண் ஆஸ்பத்திரியில இருக்கேன். சும்மா செக்கப்தான். ஒண்ணு கேக்கணும். அப்பாவோட வீடியோ... அன்னைக்கு அப்புறம் நீ அதைத் திறக்கவே இல்லையாண்ணா?"

அங்கே ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. "அதான் அன்னைக்கே பாத்தாச்சே."

அவள் பேசாமல் இருந்தாள். பேசுவதற்கு ஒன்றுமில்லாமல்தான் பேசாமல் இருந்தாள், ஆனால் போனில் மௌனம் நீண்டால் எதிரில் இருப்பவர்களுக்கு அது கேள்வி மாதிரிப் பட்டுவிடும்.

"இல்ல மங்கை," என்றான் குமரகுரு. "அன்னைக்கும் முழுசாப் பாக்கல. தெருமுனையில நீ போனை மணிவண்ணன்கிட்ட குடுத்தியே. உன் கை விலகுச்சு, அவன் மூஞ்சி கிட்டத்துல வந்துச்சு. அதோட மூடிட்டேன். நான் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா பையன் வைக்கறதை உக்காந்து பாக்கச் சொல்றியா?"

"நல்லபடியா முடிஞ்சுதுன்னு மெசேஜ் போட்டியேண்ணா."

"வேற என்ன போடறது?"

"நான் போகலைன்னாலும் நீ பாத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இத்தனை நாளா."

"நீ போனைக் கையில வெச்சிருந்தியே, எப்படியும் அப்புறமாப் பாத்திருப்பேன்னுதான் நானும் நெனச்சேன்," என்றான் அண்ணன். அங்கே குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அது கெடக்கட்டும் மங்கை. போனாப் போகுது. யார் பாக்கப் போறா," என்றான். வைக்கவா என்று கேட்டான். அவள் ம் என்றாள்.

பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஒருத்தி தெருமுனையில் நின்றுவிட்டாள், ஒருவன் அதே தெருமுனையில் கண்ணை மூடிக்கொண்டான், ஒருவர் பார்த்ததாக மற்றவர் நம்பி, நம்பிக்கையிலேயே ஒரு வருடம் ஓடிவிட்டது. அப்பாவை யார் கடைசியாகக் கிடத்தினார்கள், எந்தப் பக்கம் தலை வைத்தார்கள், முகத்தை மூடும்போது யாராவது அவர் பெயரைச் சொன்னார்களா, சொக்கலிங்கம் என்றா, மின்வாரியத்து ஆட்கள் கூப்பிடுகிற மாதிரி லைன் இன்ஸ்பெக்டர் ஐயா என்றா, அவள் ஒன்றுமே அறியமாட்டாள். அது அத்தனையும் யாரோ ஒருவருடைய கட்டடத்தில், குளிர்ந்த அறையில், அப்படியே இருக்கிறது. நேற்றுவரை அது அண்ணன் பார்த்ததன் நகல். இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. அவளுக்கு வருத்தம் தாங்கவில்லை, சொல்லப்போனால் அப்பா செத்ததற்கு அவள் வருத்தப்பட்டது இந்த நாற்காலியில்தான், இந்த நிமிஷத்தில்தான். இமை ஓரத்தில் ஈரம் சேர்ந்து கன்னத்தில் வழிந்தது. மருந்து என்றுதான் முதலில் நினைத்தாள், தோள் குலுங்கியபின்தான் விளங்கியது. "அழாதீங்கக்கா, மருந்தெல்லாம் வெளிய வந்துரும்," என்று நர்ஸ் ஓடி வந்தாள். "ரொம்ப எரியுதா?" பக்கத்துக் குரல், "விடும்மா, அழட்டும், இன்னொரு தடவை விட்டுக்கலாம்," என்றது. ஆமாம், விட்டுக்கலாம் என்று மங்கையும் தலையாட்டினாள்.

போன் மடியில் அதிர்ந்தது. யாரென்று பார்க்க வேண்டியதில்லை.

"அக்கா, மத்தியானம் ஆகப்போகுது. மூணாவதை, அந்த அழிக்கிற விதியை, ஓட்டிரவா?"

"ஓட்டாத பெனடிக்ட். நான் போட்ட கணக்கு தப்பு. திதியை விட்டுட்டேன், வந்து விளக்கமாச் சொல்றேன். இப்போதைக்குக் கல்யாணம், காதுகுத்து எல்லாத்தையும் பரண்ல போடு. சாவு மட்டும் எடுத்தவுடனே கிடைக்கிற இடத்துலயே இருக்கட்டும். அதுல எதையும் அழிக்கக் கூடாது."

"வாடகை ஏறுமேக்கா, சாதிக் சார் குதிப்பாரு."

"நான் பேசிக்கறேன். அவருக்குப் பிறைக் கணக்கு தெரியும்."

அவன் விடவில்லை. "திதிக்குத் திறக்கறவங்களுது சரி. உங்க அப்பாவோடது யாருமே திறக்கலையேக்கா. அதுக்குத் தனியாக் காரணம் கேப்பாரு. என்னன்னு எழுத?"

"அதையே எழுது. இன்னும் யாரும் பாக்கல, அதனால வெச்சிருக்கணும்."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது, நின்றது. "எவ்வளவு நாளைக்குன்னு ஒரு கட்டம் இருக்கேக்கா."

"அதைக் காலியா விடு."

"காலியா விட்டா எப்பவுமேன்னு எடுத்துக்கும்."

"தெரியும் பெனடிக்ட்," என்றாள் மங்கையர்க்கரசி.